பீரோவில் நான்கு பெல்ட்

எங்கள் வீட்டு பீரோவின் கீழ்த்தட்டில் நான்கு இடுப்பு பெல்ட்டுகள் கிடந்தன. போகிக்கு வீட்டை ஒழித்தபோது நான்கையும் ஒன்றாக இழுத்து வெளியே போட்ட அக்கா, "நம்ம குடும்பச் சொத்துடா, பாகம் பிரிச்சுக்கலாமா?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் அப்போது நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தவணையில் எழுந்துகொண்டிருந்தாள்.

அம்மாவின் பெல்ட் 1998இல் வாங்கியது. உள்ளே வைத்துத் தைத்த தகடுகள் துருவேறி, துணியைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்க்கின்றன. அக்காவுடையது அவள் மகள் பிறந்த 2006ஆம் வருஷத்தது. அண்ணன் பஸ் டிரைவர். அவன் பெல்ட்டில் வியர்வை உப்பு வரிவரியாகக் காய்ந்திருக்கிறது. என்னுடையது 2021. மெய்ப்புத் திருத்துகிற வேலை எனக்கு. ஊரடங்கில் சாப்பாட்டு மேஜையே அலுவலகமாகிப்போனபோது வந்த வலி. என் பெல்ட்டில் விலைச்சீட்டைக்கூட நான் கிழிக்கவில்லை. கடையில் பணம் கட்டி வாங்கியதுமே பாதி குணமாகிவிட்டதாகத் தோன்றியது.

இந்த இருபத்தைந்து வருஷத்தில் முதுகுக்காக நாங்கள் செய்யாதது எதுவுமில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். வாயு என்று பூண்டு ரசம் குடித்தோம். இரட்டைப் பிள்ளையாகப் பிறந்த ஒருவரை அழைத்து வந்து காலால் நீவச் சொன்னோம். தைலம், ஒத்தடம், பிளாஸ்டர். வெயிட் கட்டி இழுத்தார்கள், படுத்துக்கொண்டோம். கரண்ட் வைத்தார்கள், அதற்கும் படுத்துக்கொண்டோம். கவனித்தால் ஒன்று தெரியும்: இதில் எல்லாமே யாரோ எங்களுக்குச் செய்தது. நாங்களாகச் செய்ய வேண்டியதாக வந்தது ஒன்றே ஒன்றுதான். அம்மாவுக்கு முதன்முதலில் பார்த்த பிசியோதெரபிஸ்ட், ஒரு அட்டையின் பின்பக்கத்தில் குச்சி மனிதர்களை வரைந்து மூன்று பயிற்சிகள் எழுதிக்கொடுத்தார். அந்த அட்டை வருஷக்கணக்காக ரேஷன் கார்டோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருந்தது. பத்திரமாக இருந்தது என்பதே போதும், யாரும் எடுக்கவில்லை என்பதற்கு.

ஏன் எடுக்கவில்லை? சோம்பல் என்று சொல்லித் தப்பிக்கலாம். நாங்கள் பேசிய பேச்சிலேயே ஒரு காரணம் இருந்ததாக இப்போது நினைக்கிறேன். முதுகுவலிக்கு நம்மிடம் இருக்கிற சொற்களைப் பாருங்கள். எலும்பு தேஞ்சுபோச்சு. ஜவ்வு விலகிடுச்சு. டிஸ்க் நகர்ந்திடுச்சு. நரம்பு இழுத்துப் பிடிச்சிருக்கு. எல்லாம் தானாக நடந்தவை. தேய்ந்தது, விலகியது, பிடித்தது. நமக்கு அதில் பங்கில்லை. தசை என்ற பேச்சே இந்த வரிசையில் இல்லை. சதை என்றாலோ நம்மூரில் வசவு. "சதை போட்டுட்டே" என்றால் குண்டாகிவிட்டாய் என்று பொருள். எலும்புக்கும் நரம்புக்கும் கொடுத்த மரியாதையை நாம் சதைக்குக் கொடுத்ததேயில்லை.

ஆனால் முதுகெலும்பு தன் பலத்தில் நிற்பதில்லை. மனோகர் பஞ்சாபி என்று ஒரு ஆய்வாளர், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பின் இயங்குமுறையை ஆராய்ந்தவர். 1992இல் அவரும் சகாக்களும், தசைகளை நீக்கி எலும்பும் தட்டும் இணைப்பு நாரும் மட்டும் மிஞ்சிய இடுப்புப் பகுதி முதுகெலும்பின் மேல் எடை ஏற்றிப் பார்த்தார்கள். சுமார் 9 கிலோ எடையிலேயே அது ஒரு பக்கமாக வளைந்து சரிந்தது. நம் தலையும் நெஞ்சும் கைகளும் சேர்ந்து அதைப்போலச் சில மடங்கு இருக்கும். அப்படியானால் காலையில் பல் விளக்கக் குனியும்போது நம்மைச் சரியாமல் வைத்திருப்பது எது?

திருவிழாவுக்கும் கட்சி மாநாட்டுக்கும் வைக்கிற கட்-அவுட்டை நினைத்துக்கொள்ளலாம். முன்னால் நாற்பது அடி உயரத்தில் தலைவர் கையசைக்கிறார். பின்னால் போய்ப் பார்த்தால் சவுக்குக் கட்டைகளும் இழுத்துக் கட்டின கயிறுகளும். காற்றுக்கு நிற்பது அந்தக் கயிறுகளால். நாங்கள் எக்ஸ்ரேயைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தலைவரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். எக்ஸ்ரேயில் தசை சரியாகத் தெரியாது என்பதும் நமக்கு வசதியாகப் போயிற்று.

அந்தக் கயிறுகளில் முக்கியமான ஒன்றுக்கு மல்டிஃபிடஸ் என்று பெயர். முதுகுத்தண்டின் இரண்டு பக்கப் பள்ளத்திலும், தோலுக்கு வெகு ஆழத்தில், சிறு சிறு கட்டுகளாகப் பின்னிக் கிடக்கிறது. ஒவ்வொரு கட்டும் ஒரு முள்ளெலும்பில் தொடங்கி இரண்டு, மூன்று, நான்கு எலும்பு கீழே போய் ஒட்டிக்கொள்ளும். மூட்டை தூக்குகிற வேலையெல்லாம் மேலேயுள்ள நீளமான தசைகளுக்கு. இது செய்வது ஒரு எலும்பு இன்னொன்றின் மேல் வழுக்காமல் பிடித்துக்கொள்வதை.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டபோது எனக்கு முதலில் அண்ணன் ஞாபகம் வந்தான். ஸ்டெப்னி டயரைத் தூக்கப் போய் அவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. நாலு நாள் படுத்தான், சரியாயிற்று, வேலைக்குப் போனான். ஆறு மாதத்தில் மறுபடி. பிறகு வருஷத்துக்கு இரண்டு தடவை, ஊர்த் திருவிழாபோல் தேதி தவறாமல். "வலிதான் போயிடுச்சே, அப்புறம் எதுக்கு பிசியோ?" என்று அவன் கேட்டபோது எங்கள் யாரிடமும் பதில் இல்லை, எங்களுக்கும் அந்தக் கேள்வி நியாயமாகவே பட்டது.

பதில் அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஜூலி ஹைட்ஸ் என்ற பிசியோதெரபிஸ்டும் சகாக்களும், முதல் தடவையாக முதுகு பிடித்துக்கொண்டு வந்தவர்களை அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். வலி எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து மல்டிஃபிடஸ் சுருங்கியிருந்தது. அதிலும் முதுகெலும்பின் ஒரே மட்டத்தில். 1996இல் அடுத்த கட்டுரை வந்தது. வலி நின்று ஆட்கள் பழையபடி நடமாடத் தொடங்கிய பிறகும் அந்தத் தசை தானாகப் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. அதைக் குறிவைத்துப் பயிற்சி செய்தவர்களுக்குத்தான் திரும்பியது. ஒரு வருஷம் கழித்து விசாரித்தால், பயிற்சி செய்யாதவர்களில் 84 சதவீதம் பேருக்கு வலி மறுபடி வந்திருந்தது. செய்தவர்களில் 30 சதவீதம். நாற்பது பேர் அளவிலான சின்ன ஆய்வுதான், இதைத் தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது. ஆனால் அண்ணனின் கேள்விக்கு இது பதில். வலி போவது ஒரு கணக்கு, தசை திரும்புவது வேறொரு கணக்கு. நாங்கள் முதல் கணக்கை முடித்ததும் நோட்டை மூடிவிட்டோம்.

அம்மா விஷயத்தில் நாங்கள் செய்தது இதைவிட மோசம். 1998இல் அவளைக் கட்டாந்தரையில் பலகை போட்டு மூன்று வாரம் படுக்க வைத்தோம். பாசத்தால்தான். தண்ணீர்க்குடத்தைத் தொடவிடாமல் நாங்கள் காவல் இருந்த அந்த மூன்று வாரத்தைப் பெரிய சேவையாக இன்றுவரை பேசி வந்தோம். இரண்டு நாள் படுக்கச் சொன்னவர்களும் ஏழு நாள் படுக்கச் சொன்னவர்களும் ஒரேமாதிரிதான் குணமாகிறார்கள், இரண்டு நாள் படுத்தவர்கள் சீக்கிரம் வேலைக்குத் திரும்புகிறார்கள் என்று அமெரிக்காவில் ரிச்சர்ட் டேயோ 1986இலேயே எழுதிவிட்டார். 1995இல் ஹெல்சிங்கி நகரசபை ஊழியர்களை வைத்துச் செய்த ஆய்வில், படுக்காமல் முடிந்த அளவு வழக்கமான வேலையைப் பார்த்தவர்களே முதலில் தேறினார்கள். படுத்த உடம்பில் தசை கரைவது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கட்டுப்போட்ட காலைக் கட்டுப் பிரித்ததும் பார்த்திருக்கிறோமே, முருங்கைக்காய் மாதிரி இளைத்திருக்குமே! முதுகுக்கும் அதுவே நடக்கும் என்று நமக்குத் தோன்றாததற்கு, முதுகை நாம் கண்ணால் பார்ப்பதில்லை என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

அக்காவின் பெல்ட்டைப் பற்றி எழுதத்தான் எனக்குத் தயக்கம்.

அவளுக்கு சிசேரியன். முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள். அதற்கப்புறம் பதினெட்டு வருஷமாக அவள் முதுகுவலிக்கு எங்கள் வீட்டில் ஒரே விளக்கம்: "அந்த ஊசி." அவளும் அதைத்தான் சொல்வாள். ஊரே அதைத்தான் சொல்கிறது. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் அறுவைசிகிச்சை. அப்படியானால் "ஊசி போட்ட இடம் வலிக்குது" என்று சொல்லிக்கொண்டு குனிய முடியாமல் வீட்டுக்கு வீடு எத்தனை பெண்கள் இருப்பார்கள்! குத்தின இடத்தில் சில நாள் வலி இருக்கும், அது உண்மை. ஆனால் பிரசவ வலி தெரியாமலிருக்க முதுகில் எபிடியூரல் போட்டுக்கொண்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் நெடுநாள் முதுகுவலியில் வித்தியாசம் தென்படவில்லை. ஊசி பாவம். நாங்கள் அதன் பின்னால் ஒளிந்துகொண்டோம்.

ஊசியை விட்டுவிட்டுப் பார்த்தால் என்ன மிஞ்சுகிறது? ஒன்பது மாதம் வயிற்றுத் தசை இழுபட்டு நீண்டிருக்கிறது. நடுவில் இரண்டு பக்கத்துத் தசையும் விலகி நிற்கிறது. மூட்டுகளைப் பிடித்திருக்கும் நார்கள் தளர்ந்திருக்கின்றன. போதாததற்கு வயிற்றில் வெட்டு. வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் ஒரே பீப்பாயின் முன்பக்கமும் பின்பக்கமும். ஒன்று விட்டுக்கொடுத்தால் மற்றது தவிக்கும். முட்டியில் அறுவை செய்தால் மறுநாளே பிசியோதெரபிஸ்ட் வந்து நிற்கிறார். வயிற்றை அறுத்த பெண்ணுக்கு யாரும் வரவில்லை. பத்திய சாப்பாடு வந்தது, காப்புக்கு நகை வந்தது, "வயிறு போட்டுடும், துணியால இறுக்கிக் கட்டு" என்று அத்தை வந்தாள். பெல்ட் வந்தது. மூன்றாம் மாதம் அக்கா இடது இடுப்பில் பிள்ளையையும் வலது இடுப்பில் குடத்தையும் வைத்துக்கொண்டு படியேறினாள். அண்ணனும் நானும் அப்போது திண்ணையில் உட்கார்ந்து கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்திருப்போம். அந்தக் குடத்தை நாங்கள் யாரும் வாங்கியதாக எனக்கு ஞாபகமில்லை. "நாள்பூரா வீட்டிலதானே இருக்கே, உனக்கென்ன முதுகுவலி?" என்று நான் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அது ஞாபகம் இருக்கிறது.

என் கதை சின்னது. ஸ்கேன் எடுத்தேன். எல்4–எல்5இல் டிஸ்க் புடைத்திருப்பதாக அறிக்கை வந்தது. அன்றிலிருந்து நான் நோயாளி. வாளி தூக்குவதில்லை, குனிந்து செருப்பு மாட்டுவதில்லை, பைக்கில் வேகத்தடை வந்தால் எழுந்து நிற்பேன். வலியே இல்லாதவர்களுக்கு எடுத்த ஸ்கேன்களை எல்லாம் திரட்டி 2015இல் ஒரு கட்டுரை வந்தது. 33 ஆய்வுகள், 3110 பேர். ஐம்பது வயதில் வலியில்லாத நூறு பேரில் அறுபது பேருக்கு டிஸ்க் புடைப்பு இருக்கிறது; எண்பது பேருக்கு அந்தப் பிரசித்தி பெற்ற தேய்மானம் இருக்கிறது. தலை நரைப்பதுபோல. அறிக்கையைக் காட்டி நான்கு வருஷம் வாளியை மனைவியிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். தூக்காததால் முதுகு மெலிந்தது, மெலிந்ததால் தூக்கினால் வலித்தது, வலித்ததால் அறிக்கை சரிதான் என்று நம்பினேன்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தசை மெலிவுதான் எல்லா முதுகுவலிக்கும் காரணம் என்று இனிமேல் சொல்லித் திரிந்தால், அது ஐந்தாவது பெல்ட் வாங்கியதுபோல் ஆகிவிடும். வலி முதலில் வந்து தசையை மெலியவைக்கிறதா, மெலிவு முதலில் வந்து வலியைக் கூட்டிவருகிறதா என்பதில் ஆராய்ச்சியாளர்களே ஒரு முடிவாக இல்லை. பன்றிகளின் டிஸ்க்கில் காயம் ஏற்படுத்திப் பார்த்தபோது மூன்றே நாளில் அந்த இடத்து மல்டிஃபிடஸ் சுருங்கத் தொடங்கியது. வலிக்கிற இடத்துத் தசையை நரம்பு மண்டலமே அணைத்து வைக்கிறது என்று தோன்றுகிறது. மறுபக்கம், டென்மார்க்கில் பியரிங்-சோரன்சன் 900க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து ஒரு வருஷம் கவனித்து 1984இல் எழுதினார்: ஆண்களில், முதுகுத் தசை நெடுநேரம் தாக்குப்பிடித்தவர்களுக்கு முதல் தடவை வலி வருவது குறைவாக இருந்தது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். தூக்கமின்மை, கவலை, வேலையில் வெறுப்பு இவையெல்லாமும் வலியைக் கூட்டும். மல்டிஃபிடஸுக்கென்று தனிப் பயிற்சிதான் செய்ய வேண்டும் என்பதுமில்லை. பொதுவான பயிற்சிகளும் ஏறக்குறைய அதே பலன் தருவதாகப் பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. 2024இல் லான்செட் இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் 701 பேரில் பாதிப்பேருக்கு நடைப்பயிற்சித் திட்டமும் முதுகுவலி பற்றிய விளக்கமும்தான் கொடுத்தார்கள். வலி திரும்பி வர மற்றவர்களுக்கு நடுமதிப்பாக 112 நாள், நடந்தவர்களுக்கு 208 நாள். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்புவலிக்கு முதல்முறையாக வழிகாட்டுதல் வெளியிட்டது. அதில் பயிற்சி இருக்கிறது. வேண்டாம் என்ற பட்டியலில் பெல்ட்டும், வெயிட் கட்டி இழுப்பதும் இருக்கின்றன. அதைப் படித்த அன்று பீரோவைத் திறக்கவே கூச்சமாக இருந்தது.

சிறுநீர் கட்டுப்பாடு போனால், கால் மரத்துத் துவண்டால், காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ கூட வந்தால், அது வேறு கதை. எலும்புக் காசநோய் இன்னும் நம்மூரில் இருக்கிறது. அப்போது பயிற்சி பேசிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் ஓட வேண்டும்.

"அந்தக் காலத்தில் ஆட்டுக்கல் ஆட்டினாங்க, அம்மி அரைச்சாங்க, முதுகுவலியே கிடையாது" என்று ஒரு பேச்சு உண்டு. நானும் மேடையில் ஒரு தடவை பேசி, கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன். பொய். எங்கள் பாட்டி ஆட்டுக்கல்லும் ஆட்டினாள், நாற்றும் நட்டாள், கடைசிப் பத்து வருஷம் தரையைப் பார்த்தபடிதான் நடந்தாள். கூன் கிழவி என்று தெருப்பிள்ளைகள் கூப்பிட்டார்கள். நாள் முழுக்க ஓய்வில்லாமல் குனிந்திருப்பது தசையை வளர்க்காது, களைக்க வைக்கும். பாட்டிக்கு அளவுக்கு மீறிய வேலை. எனக்கு வேலையே இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவு இருந்திருக்கும். அதைப் பழக்கித் தர வேண்டிய இடம் பள்ளிக்கூடம். பத்தாம் வகுப்பில் என் மகனின் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொண்டபோது, பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நன்றி சொன்னவர்களில் நானும் ஒருவன்.

பொங்கல் கழிந்து நாங்கள் போன பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண். கரண்ட் வைக்கச் சொல்லிக் கேட்டோம். "வைக்கிறேன் சார், பத்து நிமிஷம் சுகமா இருக்கும். அதுக்கப்புறம் என்ன செய்யப்போறீங்க?" என்றாள். மூன்று பயிற்சிகள் காட்டினாள். மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்குவது ஒன்று. முழங்காலும் கையும் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நீட்டி, பிறகு மாற்றி நீட்டுவது இன்னொன்று. மூன்றாவது, அம்மாவுக்கு மட்டும்: நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. வீட்டுக்கு வந்து ரேஷன் கார்டு உறையிலிருந்து பழைய அட்டையை எடுத்துப் பார்த்தேன். 1998இன் குச்சி மனிதர்களும் முதல் இரண்டை ஏறக்குறைய இப்படியேதான் செய்துகொண்டிருந்தார்கள்.

அந்த டென்மார்க்காரரின் சோதனையை அந்தப் பெண் எங்களுக்கும் வைத்தாள். கட்டில் விளிம்புக்கு வெளியே இடுப்புக்கு மேல் உடம்பு அந்தரத்தில் இருக்க, காலைக் கட்டிவிட்டு, குப்புறப் படுத்தபடி உடம்பை நேராகப் பிடித்திருக்க வேண்டும். ஒரு வருஷம் வலி வராமல் தப்பித்த அந்த ஊர் ஆண்கள் சராசரியாக மூன்று நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார்கள். அண்ணன் 44 விநாடி. நான் 38. "பஸ்ஸை ஸ்டார்ட் பண்றதுக்குள்ளே எறங்கிட்டியேடா" என்று அக்கா என்னைக் கேலிசெய்தாள், அவள் 61.

இது பதினொன்றாவது வாரம். வலி போய்விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். குறைந்திருக்கிறது. அண்ணன் வாரம் நான்கு நாள் செய்கிறான், ஆறு நாள் என்று சொல்கிறான். அக்கா எங்கள் எல்லோரையும்விட ஒழுங்கு. வாளியை இப்போது நான் தூக்குகிறேன். அம்மா கை ஊன்றாமல் தொடர்ந்து நான்கு தடவை எழுந்துவிட்டாள், ஐந்தாவதற்கு "சாமி, போதும்" என்று உட்கார்ந்துகொண்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். கைக்குழந்தைக்காரி, பிறந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். வாசல் நிலையைப் பிடித்து நின்றுகொண்டு, "அத்தை, இடுப்பு விட்டுப்போகுது. உங்க வீட்ல பெல்ட் இருக்குன்னு சொன்னாங்க, ரெண்டு நாளைக்குத் தர்றீங்களா?" என்றாள். "ஊசி போட்டாங்களா?" என்று அம்மா கேட்டாள். அவள் தலையாட்டினாள். "அதான்" என்று சொல்லிக்கொண்டே அம்மா உள்ளே போய், விலைச்சீட்டுக் கிழிக்காத என்னுடையதையே எடுத்து வந்து கொடுத்தாள். "புதுசும்மா, நீயே வச்சுக்க."

நான் திண்ணையில்தான் இருந்தேன். கையில் காபி இருந்தது. அட்டையை ஒரு ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்; பச்சை உடம்புக்காரியிடம் ஒரு ஆண்பிள்ளை இதைப் பேசலாமா என்று கூச்சமாக இருந்தது. பெல்ட்டை முந்தானையில் மறைத்துக்கொண்டு அவள் படியிறங்கிப் போனாள்.

பீரோவில் இப்போது மூன்று இருக்கின்றன.